மூன்றாம் பெட்டி இளைத்த கதை

கொல்லிமலையில் கால் வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பிரேம் ஒரு பெட்டியின் மானத்தை வாங்கிவிட்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை. அர்த்தனாரியின் வீட்டு அலமாரியில் எட்டுப் பெட்டிகள், மேலே கண்ணாடித்தாள் சுற்றி, கல்யாண வீட்டு அன்பளிப்பு மாதிரி வரிசையாக நின்றன. ஆறாம் பெட்டியின் முதுகில் அந்தத் தாள் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டிருக்கிற எதையும் பிய்க்காமல் விட முடியாத கை பிரேமுடையது; முழங்கால் புண் பொருக்குத் தட்டிய மூன்றாம் வகுப்பிலிருந்து வரும் பழக்கம். நகம் தானாகப் போனது. சர்ரென்று ஒரு சத்தம். தாள் முழுசாக, பாம்பு உரித்த சட்டைபோல அவன் கையோடு வந்துவிட்டது.

அர்த்தனாரி எழுந்து நின்றார். கப்பலில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்தவர். அறுபத்தாறு வயதிலும் கதவை அடைக்கிற மாதிரி உடம்பு.

"அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"பிளாஸ்டிக் தாள் சார்."

இந்தப் பதிலைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிரேமுக்கு உடனே தோன்றியது. வாழ்க்கையில் அவன் சொன்ன பெரும்பாலான பதில்களைப் பற்றி அப்படித்தான் தோன்றும், உடனே.

அர்த்தனாரி அடுத்த இரண்டு நிமிடம் பேசியதை இங்கே அப்படியே எழுத முடியாது. சாரம் இதுதான். இந்த வீட்டில் துப்பறிய ஒன்றுமில்லை. திருடியது யாரென்று அவருக்குத் தெரியும். நாமக்கல்லிலிருந்து எழுபது வளைவு ஏறி வந்த இரண்டு பேரும் அதே எழுபது வளைவு இறங்கலாம்.

அருள்மொழி மேடம் நாற்காலியை விட்டு அசையவில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு மேல்மாடியில் பதினாறு வருஷமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவர். கீழே நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டுப் பழகிய காது; மனிதர்கள் போடும் சத்தம் அதில் ஏறாது. உதவியாளர் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கிழிந்த தாளை பிரேமிடமிருந்து வாங்கி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அறுபதுகளில் அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர்கள் நெஞ்சைப் பிழிந்து பாடிய பாட்டுகளுக்கு 'சோல்' என்று பெயர். அப்போது அவை சின்னச் சின்ன இசைத்தட்டுகளாக வந்தன. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிசு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அதே லேபிள், அதே காகித உறையோடு அவற்றை மறுபடி அச்சடித்து, பெட்டிக்கு இருபதாக அடுக்கி, எண் போட்டு விற்கிறது. வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்பார்கள் என்று பிரேம் நினைத்திருந்தான். அது அவன் அறியாமை. சீல் உடையாமல் வைத்திருப்பதுதான் சேகரிப்பு. அப்படி வைத்திருக்கும் நாற்பத்தொரு பேருக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் அர்த்தனாரி. போன வருஷம் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர், மகள் ஆசைப்பட்டாளென்று ஒரு பெட்டியைப் பிரித்துப் பாட்டுப் போட்டுவிட்டார். அவரைச் சங்கத்தைவிட்டுத் தூக்கியதும் இவர்தான்.

மூன்று வாரம் முன்பு சங்கத்து ஆட்கள் ஏழு பேர் பெட்டிகளைத் தரிசிக்க மலையேறி வந்தார்கள். இதே மலையில் பைல் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த சுகுணா காலையில் ஊர்ச் சங்கத்தின் பேக்கிங் கொட்டகையில் தினை, சாமை, மிளகு பொட்டலம் போடுகிறவள். மதியத்துக்கு மேல் இந்த வீட்டில் வேலை. வாரா வாரம் திங்கட்கிழமை எட்டுப் பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைப்பாள். அன்றைக்கு விருந்தாளிகளுக்காகப் பெட்டிகளை மேஜைக்கு மாற்றும்போது, மூன்றாம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இது இளைத்துப்போச்சு என்றாள். ஏழு பேரும் சிரித்தார்கள். ஒருவர் விளையாட்டாகச் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தார். மற்றப் பெட்டிகளைவிட நானூறு கிராம் குறைவு. சிரிப்பு நின்றது. சீலை அறுத்துப் பார்த்தால் பத்து உறையில் தட்டு இல்லை.

எடை குறைந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அர்த்தனாரி கேட்டார். பேக்கிங் கொட்டகையில் சீல் போடும் மிஷின் இருப்பதையும் அவரே சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து கொட்டகையில் சுகுணா உட்காரும் இடம் காலி. இன்றைக்கு மூன்று மணிக்குக் கூட்டம். அவள் பெயரை ஊர்ச் சங்கப் பதிவிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று அதில் முடிவாகும். பெயர் போனால் வேலை மட்டுமல்ல, மலையில் எந்த வீட்டிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். இசைத்தட்டுச் சங்கத்தின் செயலாளருக்கோ போலீஸுக்குக் கொடுக்க ஓர் அறிக்கை வேண்டும். அவர்தான் அருள்மொழி மேடத்தை அனுப்பியவர். இப்போது மணி பதினொன்று.

மேடம் மூன்றாம் பெட்டியைத் திறந்தார். காலி உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அடியில் ஒரு துணிப்பை. அதில் இருபது பிளாஸ்டிக் வில்லைகள். இந்தத் தட்டுகளுக்கு நடுவில் ஓட்டை பெரிசு, சாதாரண பிளேயரின் முள் மாதிரிக் கம்பியில் நிற்காது, வில்லையைப் பொருத்தினால்தான் நிற்கும் என்று அர்த்தனாரி வேண்டாவெறுப்பாக விளக்கினார். பிளேயர் எங்கே என்று பிரேம் கேட்டான்.

"இந்த வீட்ல பிளேயரே கிடையாது. கேக்கறதுக்கு வாங்கி வைக்கிற ஆள் நானில்லை."

"வில்லை ஒண்ணுகூடக் குறையல," என்றார் மேடம், பொதுவாக ஜன்னலைப் பார்த்து.

"அவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்," என்றார் அர்த்தனாரி.

மேடம் மூன்றாம் பெட்டியின் அறுத்த தாளையும் அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் யாரும் வழியனுப்ப வரவில்லை. நாய் மட்டும் வந்தது, அதுவும் அன்பினால் அல்ல.

பேக்கிங் கொட்டகையில் வரவேற்பு இன்னும் மோசம். சாமை புடைத்துக்கொண்டிருந்த இருபது பெண்களும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள். புடைப்பதை நிறுத்தவில்லை, உமி சரியாக பிரேம் நின்ற பக்கமே பறந்தது. கொட்டகைப் பொறுப்பாளர் வெள்ளையன் எழுந்திருக்காமலே கேட்டார்.

"ஏனுங்க, நீங்க அந்தக் கப்பக்காரரு ஊட்டு ஆளுங்களா?"

அங்கிருந்துதான் வருகிறோம் என்றார் மேடம்.

"அப்ப இங்க தண்ணிகூடக் கெடையாதுங்க."

"அங்கயும் கெடைக்கலைங்க," என்றான் பிரேம். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளையன் சிரிக்கவில்லை. நீங்கள் மிஷினைப் பார்க்கத்தான் வந்திருப்பீர்கள், பார்த்துவிட்டுத் திருடி என்று எழுதிக்கொண்டு போவீர்கள், எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறு என்ன வேலை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

மேடம் மிஷினுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியை வைத்தார். சீல் போடும் அந்த மிஷினின் வாய் ஒரு சாண். பெட்டி ஒரு சாணுக்கு மேல் மூன்று விரற்கடை. பிரேம் தன் பங்குக்குப் பெட்டியைச் சாய்த்து, திருப்பி, குட்டிக்கரணம் போட வைத்து நுழைக்கப் பார்த்தான். பெட்டி நுழையவில்லை, அவன் சுண்டுவிரல் நுழைந்தது. மிஷின் அணைந்திருந்ததால் அந்த விரல் இன்றைக்கும் அவனிடம் இருக்கிறது.

பிறகு மேடம் மூன்று தாள்களை வரிசையாக விரித்தார். கொட்டகையின் தினைப் பொட்டலம்: சீல் போட்ட இடத்தில் பாய் பின்னியதுபோலக் கட்டம் கட்டமாகத் தடம். பிரேம் கிழித்த ஆறாம் பெட்டித் தாள்: முதுகில் ஒரே ஒரு மெல்லிய ஒட்டு, அது கம்பெனி போட்டது. மூன்றாம் பெட்டித் தாள்: ஒட்டு பக்கவாட்டில், அகலமாக, வழவழவென்று. அதுவும் ஒன்றில்லை. ஒன்றுக்கு உள்ளே ஒன்றாகப் பல கோடுகள்.

"பிரேமு, நீ அந்த ஆறாவதக் கிழிக்கலைன்னா எனக்கு ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் இருந்திருக்காது."

"திட்டமிட்டுத்தான் செஞ்சேன் மேடம்."

வெள்ளையன் எழுந்து வந்து தாள்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இது தங்கள் மிஷின் வேலை இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் இளகவில்லை.

"மெசினு இல்லீன்னு நீங்க சொன்னா, அப்ப அவ வேற எதையோ வச்சு ஒட்டிட்டான்னு சொல்லுவாங்க. செஞ்ச ஆளு யாருன்னு பேரு தெரியாத மட்டும் இந்தப் பேச்சு நிக்காதுங்க."

அவருக்கு அந்தக் கப்பல்காரர்மேல் வேறு கோபங்களும் இருந்தன. ஆரம்பித்ததும் வரிசையாக வந்தன. பொதுப்பாதையில் முள்கம்பி போட்டார். நாயை அவிழ்த்துவிடுகிறார். வெள்ளையனின் மிளகுத் தோட்டத்துக்கு அடுத்தாற்போல இருக்கிறது அவருடைய மோட்டார் ரூம். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது மோட்டார் போடுகிறார், சனிக்கிழமை தவறாமல், பட்டப்பகலில் ஒரு மணி நேரம். கரண்டு அவர் அப்பன் வீட்டுச் சொத்தா.

பிரேம் இதைப் பங்காளிக் காய்ச்சல் என்று தள்ளிவிட்டான். மேடம் மட்டும் எத்தனை வாரமாக என்று கேட்டார். ஆடி பிறந்ததிலிருந்து என்றார் வெள்ளையன்.

சுகுணா தன் காட்டில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள், மறுபடி குனிந்துவிட்டாள். பிரேம் தன் குரலில் இருக்கும் அத்தனை இனிப்பையும் திரட்டி விசாரணையைத் தொடங்கினான். பெட்டி இளைத்தது எப்போது தெரியும் என்றதற்கு, எந்தப் பெட்டிங்க என்றாள். அந்த வீட்டுக்கு வேறு யார் வருவார்கள் என்றதற்கு, நீங்க வரலீங்களா என்றாள். உங்களுக்கு உதவத்தான் வந்திருக்கிறோம் என்றான்.

"நான் கூப்புட்டனுங்களா?"

மூன்றுக்கும் மூன்று கேள்வி வாங்கிக்கொண்டு அவன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். செல்போன் கடையில் வேலை பார்த்த நாளில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் அவனைத் திருப்பி அனுப்பியதில்லை.

மேடம் வேறு வழியாகப் போனார். பையிலிருந்து இரண்டு மிளகுப் பொட்டலங்களை எடுத்தார். காலையில் காரவள்ளியில், பஸ் மலையேறும் முன் வாங்கியவை, இரண்டிலும் கால் கிலோ என்று அச்சடித்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் நீட்டினார். சுகுணா வாங்க நினைக்கவில்லை. ஆனால் மிளகுக்காரி கை, வாங்கிவிட்டது. இரண்டு உள்ளங்கையிலும் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள்.

"இதுல ஒரு கைப்புடி கொறையுதுங்க. இது நல்லாக் காயாததும்கூட."

"மூணாம் பெட்டி எப்படி கண்ணு குறைஞ்சுது? ஒரே நாள்லயா?"

சுகுணா பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"ஒரே நாள்ல எப்படிங்க கொறையும். திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை ஒரு புடி. மொளகு காயற மாதிரியேதான். புதுச் சரக்கு, ஈரம் வத்துது போலன்னு நெனச்சேனுங்க. பத்து வாரமும் அதே அளவு. மத்த ஏழும் காயல. ஒண்ணு மட்டும் எப்படிக் காயும்னு மனசுல கெடந்துச்சு. அன்னிக்கி வாய்ல வந்துருச்சு."

பிரேம் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். இசைத்தட்டை வெயிலில் காயும் மிளகு என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான். அந்த மலையில் அந்தப் பெட்டியை உண்மையாகக் கவனித்தவளும் அவள் ஒருத்திதான்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை ஒன்று, அது மேடத்தின் தலைக்கு. பிரேம் நனைந்தபடி துப்பறிந்தான்.

"திருட வந்தவன் பெட்டியோட தூக்கிட்டுப் போவான். வாரத்துக்கு ஒண்ணா எவன் மேடம் திருடுவான்?"

"ஒவ்வொரு வாரமும் சீலைப் பிரிச்சு, எடுத்துட்டு, திரும்ப இஸ்திரிப் பெட்டி ஓரத்தால ஒட்டியிருக்கான். கோட்டை எண்ணிப் பாத்தேன். பத்து."

"சுகுணா திங்கக்கிழமைதானே பெட்டியத் தொடறா. மத்த நாள் அந்த அறை?"

"பூட்டித்தான் இருக்குமாம். அர்த்தனாரியே சொன்னார், பெருமையா. இன்னொண்ணு. காலி உறை பத்தோட வாயும் உள்பக்கமாத் திரும்பி இருக்கு, தூசி இறங்கக் கூடாதுன்னு. திருடனுக்கு என்ன அக்கறை?"

பிரேம் நின்றான். சட்டைக் காலர் வழியாக மழை உள்ளே இறங்கியது. கூடவே வேறொன்றும் இறங்கியது.

"அர்த்தனாரி சார்தான்னா, வில்லையை ஏன் மேடம் விட்டுட்டார்?"

"தேவைப்படாததால. பழைய சூட்கேஸ் பிளேயர் சிலதுல நடுக்கம்பியே கட்டைவிரல் பருமன் இருக்கும். ஓட்டை அதுல நேரா உக்காரும். அந்தப் பிளேயர் வீட்ல இல்லைன்னு அவர் சொன்னது உண்மைதான். மழையில மோட்டார் ஓடுனா உள்ள பாடற பாட்டு வெளிய கேக்காதுன்னு நீ யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. யோசித்தவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

மோட்டார் ரூம் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாக மேடம் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். மோட்டாருக்குப் பக்கத்தில், சாக்கு விரித்த பலகைமேல் சிவப்பு சூட்கேஸ் ஒன்று திறந்திருந்தது. நடுவில் பருமனான கம்பி. பக்கத்தில் மடித்த வேட்டிக்குள் இசைத்தட்டுகளின் கறுப்பு விளிம்புகள். முன்னால் ஒரு முக்காலி. ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கிற மாதிரி.

பின்னால் சேற்றில் காலடி கேட்டது. அர்த்தனாரி. குடை இல்லாமல் ஓடி வந்திருந்தார். இது தனியார் இடம், அத்துமீறல், கேஸ் போடுவேன் என்றார். முதல் வாக்கியத்தில் இருந்த சத்தம் மூன்றாவதில் இல்லை.

"சாவி உங்ககிட்ட இருக்கா, இல்ல வெள்ளையனைக் கூப்பிடட்டுமா?" என்றார் மேடம்.

அவர் சாவியை எடுக்கவில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னதெல்லாம் பூட்டைப் பார்த்துத்தான் சொன்னார். இருபத்திரண்டு வயதில், முதல் கப்பலில், ஏதோ ஒரு துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் அந்தப் பாட்டுகளில் ஒன்றைக் கேட்டாராம். அதற்காகத்தான் இந்தப் பெட்டிகளையே வாங்க ஆரம்பித்தது. வாங்க வாங்கச் சங்கம் வந்தது, தலைவர் பதவி வந்தது, சீல் உடைக்கக் கூடாதென்ற விதி வந்தது. விதியை எழுதியதும் அவரே. ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை தாங்கவில்லை. ஒரே ஒரு தட்டு என்று நினைத்தார். அடுத்த வாரம் இன்னொன்று. அந்த டாக்டரை எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தி வெளியே அனுப்பியவர், எந்த முகத்தோடு நான்தான் பிரித்தேன் என்று சொல்வது?

"அதனால சுகுணா முகத்தை எடுத்துக்கிட்டீங்க," என்றான் பிரேம்.

அதை அவன் நகைச்சுவையாகத்தான் ஆரம்பித்தான். முடியும்போது அப்படி இல்லை. மேடம்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அறிக்கையைச் சங்கத்துக்கு மெதுவாக அனுப்ப முடியுமா, திருட்டு நிரூபணமாகவில்லை என்று மட்டும் எழுத முடியுமா என்று அர்த்தனாரி கேட்டார். மேடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு நாற்பது.

"உங்க சங்கத்துக்கு நான் எழுதிக்கறேன். கொட்டகையில நீங்க பேசணும். பேசலைன்னா நான் பேசுவேன். எனக்கு உங்களை மாதிரி நயமாப் பேச வராது."

கொட்டகையில் உட்கார இடம் யாரும் காட்டவில்லை. அர்த்தனாரி நடுவில் நின்றார். சுகுணா வாசல் ஓரத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சில தவறான புரிதல்கள் காரணமாக ஏற்பட்ட ஒரு சூழ்நிலையைப் பற்றி ஆரம்பித்தார்.

"எங்களுக்குப் புரியறாப்புல சொல்லுங்க," என்றார் வெள்ளையன்.

அர்த்தனாரி முகத்து மழைநீரைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டியப் பிரிச்சது நான். எடுத்தது நான். திரும்ப ஒட்டுனதும் நான். சுகுணா எதையும் தொடலை. தெரிஞ்சுதான் அவ மேல பழி போட்டேன்."

யாரும் கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. பதிவு நோட்டை வைத்திருந்த பெண் அதை மூடிப் பரணில் போட்டாள். வெள்ளையன் சுவரோரம் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்த இடத்தைக் கண்ணால் காட்டி, "உக்காரு கண்ணு, சாமை கெடக்குது," என்றார். அவ்வளவுதான் கூட்டம்.

அர்த்தனாரி போகும்போது சுகுணாவிடம் நின்றார். திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடு என்று முணுமுணுத்தார். அது மன்னிப்பா உத்தரவா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் அவரைத் தாண்டிப் போய் முறத்தை எடுத்தாள். அவர் மழையில் இறங்கி நடந்தார். அகலமான முதுகு, ஆனால் பிரேமுக்கு இப்போது அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தன் மனசு இப்படி யார் பக்கம் வேண்டுமானாலும் சாய்கிற சொத்தைத் தராசாக இருப்பதை நினைத்து அவனுக்கு அவன்மேலேயே எரிச்சல்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மேடம் வெளியிலிருந்து கூப்பிட்டார். பிரேம் போகாமல் சுகுணாவுக்கு எதிரில் குந்தினான். இன்னொரு கேள்விக்கு இன்னொரு கேள்விதான் வரும் என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டான்.

"வயசானவர், தனியா இருக்கார். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டார். திங்கக்கிழமை போவீங்களா?"

சுகுணா புடைப்பதை நிறுத்தினாள். காலையிலிருந்து முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, எடை பார்க்கிற பார்வை.

"மாட்டேனுங்க," என்றாள்.